கம்ப்ரசர் எரியவில்லை

ஜெயசுதாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவள் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். கடையில் சர்வீஸ் கார்டு முக்கால்வாசி எழுதுவது அவள்தான். அப்படிப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை காலையில் வெள்ளைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள், 'ஐயா' என்பதற்குக் கீழே ஒரு எழுத்து ஓடவில்லை. காரணம் ஒன்றுதான். தப்பு அவள் செய்ததில்லை.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செழியன் வைத்திருக்கும் ஏசி சர்வீஸ் கடையில் அவளுக்கு இது நாலாவது வருஷம். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு படித்தபோது இருபத்தாறு பையன்களுக்கு நடுவில் ஒரே பெண். கடையிலும் ஒரே பெண். முதல் வருஷம் முழுக்க ஃபில்டர் கழுவ விட்டார்கள். அடுத்த வருஷம் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தார்கள். வயரில் கை வைக்க விடுவதற்குள் மூன்றாவது வருஷம் பாதி போய்விட்டது. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய வயரை, போன வாரம் ஒரே நாளில் பிடுங்கிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். ஜெயசுதாவின் ஊரான கூத்தனேரியிலேயே பெரிய கை கொளஞ்சியப்பன். ரிஷிவந்தியம் போகிற சாலையை ஒட்டி அவருக்குக் கரும்பும் உளுந்துமாக நிலம். அவர் வீட்டுக் கூடத்து ஏசியில், போன ஆவணி மாதம் எலி கடித்த கம்ப்ரசர் வயரை மாற்றிப் போட்டது ஜெயசுதா. கம்ப்ரசர் என்றால் வீட்டுக்கு வெளியே மாட்டியிருக்கிற பெட்டிக்குள் ஓடும் மோட்டார், ஏசிக்கு அதுதான் உயிர். காமன், ரன், ஸ்டார்ட் என்று அதற்கு மூன்று வயர். மாற்றியபின் நன்றாகத்தான் ஓடியது. பனிக்காலத்தில் அதை யாரும் தொடவில்லை. சித்திரை பிறந்து வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்ததும் போட்டார்கள், குளிரவில்லை. கடையின் தலைமை மெக்கானிக் அஜித்குமார் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கம்ப்ரசர் காலி. ஸ்டார்ட் வயரையும் ரன் வயரையும் மாத்திக் குடுத்திருக்கா, எரிஞ்சி பூடுச்சி" என்று சொல்லிவிட்டான்.

செழியன் கெட்டவர் இல்லை. ஆனால் பெரிய கை கோபித்துக்கொண்டால் தாங்குகிற முதுகு அவருக்குக் கிடையாது. "தப்ப ஒத்துக்கினு திங்கக்கெழம சாயந்திரத்துக்குள்ள ஒரு லெட்டர் எழுதிக் குடு. நான் கொண்டுபோய் அவருகிட்ட காட்டிட்டு வந்துடறேன். அது வரைக்கும் நீ வயர்ல கை வக்காத. எழுத முடியாதுன்னா வேற எடம் பாத்துக்கோ" என்றார். எட்டு நாளாக ஜெயசுதா மறுபடி ஃபில்டர் கழுவிக்கொண்டிருக்கிறாள். இன்றுதான் அந்தத் திங்கட்கிழமை.

"எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டி" என்றாள் அவள் அம்மா இருசம்மாள். கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். "எழுத்து தானே கேக்கறாங்க, இன்னா கழுத்தையா கேக்கறாங்க?"

"செய்யாதத செஞ்சேன்னு எழுதறதுக்கு கழுத்தையே குடுத்துடலாம்மா."

"வாய் மட்டும் கொறச்சல் இல்ல. அவுரு கழனில இருவது வருசமா குனிஞ்சி நிமிர்றேன் நான். போன வாரம் பின்கட்டுல குந்திக்கினு வடகத்துக்கு வெங்காயம் நறுக்கிக்கினு இருக்கறேன். அத்தினி பேர் முன்னால ஐயா சொல்றாரு, 'களை வெட்டறவ பொண்ணு கையில கரண்டு வயரக் குடுத்தா இப்பிடித்தான் ஆவும்'னு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது? கண்ணுல தண்ணி வந்துச்சி. வெங்காயத்துக்கு வந்துச்சா, அவரு சொன்னதுக்கு வந்துச்சான்னு எனக்கே தெரியல."

ஜெயசுதா தாளை மடித்துக் கீழே வைத்தாள். அம்மாவும் தன்னை நம்பவில்லை என்பது அவளுக்கு எட்டு நாளாகத் தெரியும். கேட்டால் இல்லை என்பாள். ஆனால் காலையில் ஊர்த்தெரு வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாளே, அது போதாதா? அஜித்குமார் சொன்னதைவிட இதுதான் அவளை அறுத்தது.

"நான் தப்பா மாட்டியிருப்பேன்னு தானே நீயும் நெனைக்கற?"

"எனக்கு இன்னாடி தெரியும் வயரப் பத்தி? பெரிய மெக்கானிக்கு சொல்றான், எரிஞ்சி பூடுச்சின்னு. அவன் வர்றதுக்கு முந்தி நான் பாக்கச் சொல்ல கூட அது சரியா ஓடல தானே. வடகமே காயல."

"வடகத்துக்கும் அதுக்கும் இன்னாம்மா?"

"அந்தப் பொட்டிக்கு எதுர்ல தான் துணி விரிச்சி வடகத்தப் போடச் சொல்லுது ஐயா சம்சாரம் பாப்பாத்தியம்மா. சூடுகாத்து அடிக்கும் இல்ல, சீக்கிரம் காயும்னு. எங்க காயுது? மூணு நிமிசம் நாலு நிமிசம் ஊதும். அப்பால கம்முனு நின்னுப் பூடும். கொஞ்ச நேரம் கழிச்சி மறுபடி ஊதும், மறுபடி நிக்கும். நாளெல்லாம் இதே கூத்து."

கூழ் சொம்பை வாய்க்குக் கொண்டுபோன ஜெயசுதா அப்படியே நிறுத்தினாள்.

"நிக்கறப்ப எப்பிடிம்மா நிக்குது? மோட்டார் சத்தம் மட்டும் நின்னுட்டு ஃபேன் சுத்துதா, ரெண்டும் நிக்குதா?"

"எல்லாம் ஒண்ணா தான் நிக்கும். டக்குனு ஒரு சத்தம், அவ்ளோ தான். வடகத் துணி கூட ஆடாது. ஈ வந்து மொய்க்குதுன்னு நான் தானே முறத்தால வீசிக்கினு இருந்தேன்."

"நல்லா நெனப்பு இருக்குதா?"

"ரெண்டு நாளு அதும் முன்னாலயே குந்திக்கினு இருந்தவ நானு. எனக்கு நெனப்பு இல்லாம உனக்கா இருக்கும்?"

ஜெயசுதா எழுந்துவிட்டாள். அடுப்படியில் இருந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் அதற்கு நேரம் இல்லை. கம்ப்ரசரில் கோளாறு இருந்து, அது சூடேறித் தானாக நின்றால், வெளி ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இரண்டும் ஒரே நொடியில் நிற்கிறது என்றால் அது கோளாறில் நிற்கவில்லை. உள் பெட்டியில் இருக்கிற சர்க்யூட் பலகை, அறை குளிர்ந்துவிட்டது, போதும் என்று சொல்லி நிறுத்துகிறது. அனல் கொதிக்கிற கூடத்தைக் குளிர்ந்துவிட்டது என்று அதற்குப் பொய் சொல்வது யார்? சூட்டைப் பார்த்துச் சொல்ல வைத்திருக்கும் சென்சார்தான். உள் பெட்டியில் மூடியைக் கழற்றினால் தெரியும். அஜித்குமார் மூடியைக் கழற்றினானா என்பதே அவளுக்குச் சந்தேகம்.

"இன்னாடி, எங்க கெளம்பற?"

"உங்க ஐயா வூட்டுக்கு."

"ஐயோ, இன்னிக்கு வேணான்டி. ஐயா பையன் வெற்றிவேலுக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க உளுந்தூர்பேட்டையிலருந்து. நாலு மணிக்கு வர்றாங்களாம். வூடே அமக்களமா கெடக்குது."

"அப்பன்னா இன்னும் நல்லது" என்றாள் ஜெயசுதா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "ஏசி இல்லாம அவுருக்கும் வேர்க்கும் இல்ல?"

இருசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். மகள் ஊர்த்தெரு வழியாக விறுவிறு என்று போனாள். அம்மாவுக்கு வேறு வழியில்லை, எட்டு நாளைக்குப் பிறகு அவளும் ஊர்த்தெருவில் நடந்தாள். மணி பதினொன்றுதான். தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. மேற்கே கல்வராயன் மலை வெயிலில் வெளுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றது.

கொளஞ்சியப்பன் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துச் செம்மண் இட்டிருந்தார்கள். கூடத்தில் புது சோபாவுக்கு விரிப்புப் போட்டு, இரண்டு பெடஸ்டல் ஃபேனை எதிரும் புதிருமாக வைத்திருந்தார்கள். ஒன்றின் அனலை இன்னொன்று வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் பனியனோடு நடுவில் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு? நீயா?" என்றார். "லெட்டர் எடுத்தாந்தியா?"

"இல்ல சார். மீட்டர் எடுத்தாந்திருக்கறேன்."

அம்மா முதுகில் கிள்ளினாள். இருசம்மாளுக்கு அவர் ஐயா. ஜெயசுதாவுக்கு வாடிக்கையாளர், அதனால் சார். இந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு அவள்மேல் ஆகாது.

"மீட்டரா? எரிச்சது பத்தாதுன்னு வூட்டையும் கொளுத்திட்டுப் போவலாம்னு வந்தியா? இருசா, இன்னா இது? எத்தினி மணிக்கு ஆளுங்க வர்றாங்கன்னு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியுங்க ஐயா, நான் சொன்னேங்க, அது தான் கேக்கமாட்டேங்குது."

"சார், கம்ப்ரசர் எரியல" என்றாள் ஜெயசுதா.

"நீ சொன்னா ஆச்சா? அந்தப் பையன் வந்து பாத்துட்டு சொன்னான்."

"எதால பாத்தாருன்னு கேப்போமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஃபோனில் அஜித்குமாரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். சமையல்கட்டிலிருந்து பாப்பாத்தியம்மாள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ஜெயா பேசறேன். கூத்தனேரி வூட்டு கம்ப்ரசர மீட்டர் வச்சிப் பாத்தீங்க இல்ல, காமன்ல இருந்து ரன்னுக்கு எவ்ளோ காட்டுச்சி?"

"எதுக்கு இப்ப?"

"சும்மா சொல்லுங்கண்ணே. காமன்ல இருந்து ஸ்டார்ட்டுக்கு எவ்ளோ?"

பின்னால் பக்கத்துக் கடைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அஜித்குமார், "அதெல்லாம் கையில தொட்டுப் பாத்தாலே தெரிஞ்சிடும். மீட்டர்ல அன்னிக்கு பேட்டரி இல்ல" என்றான்.

"சரிண்ணே, வச்சிடறேன்."

கொளஞ்சியப்பன் ஃபேனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார். வயலில் மோட்டார் ஓடவில்லை என்றால் டெஸ்டர் வைத்துப் பார்க்காத எலெக்ட்ரீஷியனை அவர் வரப்பிலேயே ஓட ஓட விரட்டுகிறவர். அது அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும்.

"அரைமணி" என்றார். "அதுக்குள்ள ஆவலன்னா நீயும் உங்கம்மாவும் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

ஜெயசுதா முதலில் ஏசிக்குப் போகிற கரண்டை நிறுத்தினாள். பின்கட்டுக்குப் போய் வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றினாள். கெபாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை முதலில் இறக்கிவிட்டுத்தான் கையை உள்ளே விடவேண்டும். அதை இறக்கினாள். ஆவணியில் தான் மாட்டிய வயர்கள் போட்டது போட்டபடி இருந்தன. ஒவ்வொன்றிலும் அவளே ஒட்டிய சிறு டேப், அதில் அவள் கையெழுத்தில் சி, ஆர், எஸ். அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் பிள்ளையைக் கள்ளன் என்றவர்கள் முன்னால் பிள்ளை கையை விரித்துக் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"சார், வந்து பாருங்க. காமன்லருந்து ரன் ஒண்ணு புள்ளி எட்டு. காமன்லருந்து ஸ்டார்ட் மூணு புள்ளி ரெண்டு. ரன்லருந்து ஸ்டார்ட் அஞ்சு. மொத ரெண்டையும் கூட்னா மூணாவது வரணும். வந்துடுச்சி. பாடிக்கு கரண்டு கசியுதான்னா, அதுவும் இல்ல. எரிஞ்ச மோட்டார் இப்பிடிக் கணக்கு சொல்லாது சார்."

அவர் எட்டிப் பார்த்தார். மீட்டரில் என்ன புரிந்ததோ, "ம்" என்றார். அந்த "ம்" முன்னால் சொன்னதைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது.

கூடத்துக்கு வந்து சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அஜித்குமார் இந்த மூடியைத் தொடவே இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது, தூசி கலையாமல் இருந்தது. மூடியைத் தூக்கினாள். ஃபில்டரை உருவினாள். சென்சார் என்பது வயர் நுனியில் இருக்கிற ஒரு சின்ன முத்து, அவ்வளவுதான். காற்றைக் குளிர வைக்கும் குளிர்ச்சுருளுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கொக்கியில் தொங்கி, அறையிலிருந்து வருகிற காற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கொக்கி காலியாக இருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், அது குளிர்ச்சுருளின் தகடுகளுக்கு நடுவே ஆழமாகச் சொருகிக் கிடந்தது. மெதுவாக இழுத்தாள். வந்தது. அதன் தலையில் காய்ந்த சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம்.

ஜெயசுதா அதையே பார்த்துக்கொண்டு நாற்காலிமேல் நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

பாப்பாத்தியம்மாள் கரண்டியை முந்தானையில் துடைத்தாள். "ஆயுத பூசைக்கு வச்சேன். டிராக்டர், போர் மோட்டார், மிக்சி, அருவாமனை எல்லாத்துக்கும் வச்சமே. இதுக்கு மட்டும் வக்காம வுட்டா நல்லாருக்குமா? மூடியத் தொறந்து சுத்தமா தொடச்சேன். இது ஒண்ணு சின்னதா தனியாத் தொங்கிக்கினு கெடந்துச்சி. முன்ன வயர எலி கடிச்சிடுச்சே, இதையும் கடிக்கப் போவுதேன்னு பொட்டு வச்சி உள்ள பத்தரமா சொருகனேன்." ஜெயசுதாவை அண்ணாந்து பார்த்து, "ஏம்மா, சொருகக் கூடாதா?" என்றாள்.

"சொருகக் கூடாதும்மா. இது ரூம்பு சூடா கீதா, சில்லுனு கீதான்னு பாத்து சொல்றது. நீங்க இதக் கொண்டுபோய் ஐஸ் பெட்டிக்குள்ள வச்ச மாதிரி வச்சிட்டீங்க. மெசின் ஓட ஆரம்பிச்சி மூணு நிமிசத்துல இது மட்டும் ஜில்லுனு ஆயிடுது. ரூம்பே ஜில்லுனு ஆயிடுச்சின்னு சொல்லி கம்ப்ரசர நிறுத்திடுது."

ஒரு டம்ளரில் பானைத் தண்ணீர் கேட்டாள். சந்தனத்தைத் துணியால் துடைத்து, பலகையிலிருந்து வயரை உருவி மீட்டரில் பிடித்து, முத்தைத் தண்ணீரில் விட்டுக் காட்டினாள். குளிர் பட்டதும் எண் ஏறியது. எடுத்து ஃபேனின் அனல் காற்றில் காட்டினாள், இறங்கியது. சென்சாரும் கெடவில்லை. அதனிடம் ஒரு குற்றமும் இல்லை, உட்கார வைத்த இடம்தான் தப்பு. வயரைப் பலகையில் மாட்டி, முத்தைக் கொக்கியில் தொங்கவிட்டு, மூடியைப் போட்டு, கரண்டைக் கொடுத்தாள்.

பின்கட்டில் பெட்டி உறுமியது. மூன்று நிமிஷம் ஆனது. ஐந்து ஆனது. பத்து ஆனது. நிற்கவில்லை. பாப்பாத்தியம்மாள் ஃபேன்களை அணைத்தாள். கொளஞ்சியப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏசிக்கு நேர் கீழே போய் நின்று கண்ணை மூடினார். அவரைப் பார்த்தால் சாமி கும்பிடுகிற மாதிரியே இருந்தது.

ஜெயசுதா சர்வீஸ் கார்டை எடுத்து எழுதினாள். கம்ப்ரசர் நல்ல நிலையில் உள்ளது. வயரிங் சரியாக உள்ளது. வீட்டைச் சுத்தம் செய்தபோது அறை சென்சார் குளிர்ச்சுருளுக்குள் இடம் மாறியதே பழுது. காலையிலிருந்து ஓடாத பேனா இப்போது ஒரே மூச்சில் ஓடியது. கீழே கோடு போட்டு நீட்டினாள்.

"இதுல ஒரு கையெழுத்து சார்."

அவர் படித்தார். முகத்தில் இருந்த குளிர்ச்சி போய்விட்டது.

"எங்க வூட்டுத் தப்புன்னு நான் கையெழுத்துப் போடணுமா? அதுவும் உங்கிட்ட? நாளைக்கு இத்த வச்சிக்கினு ஊரெல்லாம் காட்டிக்கினு திரிவ. அதெல்லாம் ஆவாது. செழியன்கிட்ட நான் ஃபோன்ல சொல்லிக்கறேன், போ."

"ஊரெல்லாம் சொன்னது நீங்க சார். நான் கடையில மட்டும் தான் காட்டப் போறேன்."

"வேலை ஆச்சி இல்ல, கெளம்பு."

செழியனிடம் இவர் ஃபோனில் என்ன சொல்வார் என்பது ஜெயசுதாவுக்குத் தெரியும். 'ஏதோ சரியாயிடுச்சிப்பா' என்பார். அஜித்குமார் சொன்னது அப்படியே இருக்கும். அவள் ஃபில்டர் கழுவிக்கொண்டே இருப்பாள். அவள் கரண்டை நிறுத்திவிட்டு மறுபடி நாற்காலியில் ஏறினாள். மூடியைத் தூக்கினாள். கொக்கியிலிருந்து முத்தை எடுத்து, இருந்த இடத்திலேயே, தகடுகளுக்கு நடுவில் ஆழமாகச் சொருகினாள். மூடியைப் போட்டாள், இறங்கினாள், கரண்டைப் போட்டாள்.

"ஏய், இன்னா பண்ற?"

"எம் மேல தப்பு இருக்கற வரைக்கும் நான் வயர்ல கை வக்கக் கூடாதாம் சார், ஓனர் சொல்லியிருக்காரு. தெரியாம வச்சிட்டேன். வந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே வச்சிட்டேன். அஜித்தண்ணன் வந்து மாத்திக் குடுப்பாரு. கம்ப்ரசர் வர்றதுக்கு நாலு நாள் ஆவும்னு சொன்னாரு இல்ல?"

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது நிமிஷமோ நாலாவது நிமிஷமோ, பின்கட்டில் டக்கென்று சத்தம். அடங்கிவிட்டது. கூடத்தில் அனல் திரும்பி வர அதிக நேரம் ஆகவில்லை.

"இருசா!" கொளஞ்சியப்பனின் குரல் உயர்ந்தது. "உம் பொண்ணுகிட்ட சொல்லு. எனக்குக் கோவம் வந்தா இன்னா ஆவும்னு சொல்லு."

இதுவரை வாசல் ஓரமாகவே நின்றிருந்த இருசம்மாள் ஓரடி உள்ளே வந்தாள். ஜெயசுதா அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அம்மாவின் கண் கெஞ்சும், கெஞ்சினால் தன்னால் நிற்க முடியாது என்று பயந்தாள்.

"அது தான் எழுதிக் கேக்குதேங்க ஐயா" என்றாள் இருசம்மாள். "போட்டுக் குடுங்க."

"இன்னா?"

"எட்டு நாளா நான் ஏரிக்கரைய சுத்திக்கினு போறேங்க. கழனில குனியறது என் வேலை, குனியறேன். ரோட்டுல குனிஞ்சது எம் பொண்ணு தப்பு பண்ணிட்டான்னு. அவ பண்லியே. பெத்தவ நானே நம்பலியே அவள." அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலோடேயே முடித்தாள். "போட்டுக் குடுங்க ஐயா. போடாம நாங்க போவ மாட்டோம்." சொல்லிவிட்டு, செம்மண் இட்ட வாசற்படியிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

பாப்பாத்தியம்மாள் புருஷன் கையில் இருந்த கார்டைப் பிடுங்கினாள். "பேனாவக் குடும்மா."

"பாப்பாத்தி, உள்ள போ."

"போவாம எங்க போறேன், அடுப்புல கேசரி கெடக்குது. பொட்டு வச்சது நானு, சொருகனது நானு. எங் கையெழுத்துப் போட எனக்குத் தெரியாதா? சம்பந்தி வூட்டம்மா வந்து பவுடரு கரைஞ்சி வழிய குந்திக்கினு இருந்தா, உங்களக் கேப்பாங்களா, என்னக் கேப்பாங்களா?" மேஜைமேல் கார்டை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக கொ. பாப்பாத்தி என்று போட்டாள். போட்டதைத் தள்ளி வைத்துப் பார்த்து, தேதியையும் போட்டாள்.

ஜெயசுதா கார்டைப் படம் எடுத்துக் கடையின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். செழியனும் அஜித்குமாரும் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். 'லெட்டர் அனுப்பியிருக்கிறேன். நாளைக்கு எந்த வீட்டு வயரிங் என்று சொல்லுங்கள்' என்று கீழே எழுதினாள். பிறகு நாற்காலியில் ஏறி முத்தை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். பாப்பாத்தியம்மாள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அது தொங்குகிற இடத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். பெட்டி உறுமியது, பிறகு நிற்கவில்லை. அவர்கள் பையைக் கட்டி முடிப்பதற்குள் செழியனிடமிருந்து பதில் வந்துவிட்டது. சங்கராபுரத்தில் ஒரு வீடு, காலை ஒன்பது மணி, வெளிப்பெட்டி வயரிங். மன்னிப்பும் இல்லை, பாராட்டும் இல்லை. ஜெயசுதாவுக்கு அதுவே போதும்.

வாசலைத் தாண்டும்போது கொளஞ்சியப்பன் பின்னாலிருந்து சொன்னார். அவருக்கும் ஏதாவது ஒன்று ஜெயிக்க வேண்டியிருந்தது.

"இருசா, நாளையிலருந்து நீ எங்கழனிப் பக்கம் வர வேணாம்."

ஜெயசுதா சட்டென்று திரும்பினாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சரிங்க ஐயா" என்றாள் இருசம்மாள், அமைதியாக. "ஏரியோரத்து உளுந்து கறுத்துப் பூடுச்சி. நேத்தே நெத்து வெடிச்சிக்கினு இருந்துச்சி. நாளைக்கு விடியச் சொல்ல புடுங்கலன்னா வெயில் ஏற ஏற மண்ணுல தான் பொறுக்கணும். காலனியிலருந்து பதினாலு பேரு நான் கூப்ட்டா தான் வருவாங்க. வர வேணான்னு ஐயா சொல்லிட்டாருன்னு அவங்ககிட்ட சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். ஊர்த்தெரு வழியாகத்தான். அவசரமே இல்லாமல், வெயிலைப் பார்க்காமல், தெருவின் நடுவில் நடந்தாள். நாலு வீடு தாண்டுவதற்குள் பாப்பாத்தியம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"இருசம்மா, இரு இரு. அவுரு ஒரு கோவத்துல சொல்லிட்டாரு. காலைல அஞ்சு மணிக்கு எல்லாரையும் கூட்டிக்கினு வந்துடச் சொன்னாரு."

இருசம்மாள் நின்றாள். திரும்பி, வாசலில் துண்டோடு நின்றுகொண்டிருந்த கொளஞ்சியப்பனைப் பார்த்துக்கொண்டே, தெருவே கேட்கும்படி பாப்பாத்தியம்மாளிடம் சொன்னாள்.

"வர வேணான்னு அவுரு வாயால எங்கிட்ட சொன்னாரும்மா. வரச் சொல்றதையும் அவுரே வந்து சொல்லட்டும். எங்க வூடு காலனில மூணாவது வூடு."